ஒரு வரியை நீக்கச் சொன்ன நண்பர்கள்
லாகூர் கடிதங்கள், 1935–36



நம் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவை இந்த முறை எங்களை நிகழ்த்தச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரைக்கான குறிப்புகளைத் தோழரின் வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து எடுத்தோம். அதனால் 'நாங்கள்' என்று சொல்வதே சரி.

போன கோடையில் அவருடைய புத்தகங்களை ஒழுங்குபடுத்தியபோது பரண்மேல் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே நீலநிற இன்லேண்டு கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு கட்டு முழுவதும் ஒரே நண்பருடைய கையெழுத்து. அவரும் தோழரைப் போலவே பள்ளி ஆசிரியர். தோழர் காலனியில் பிறந்தவர், நண்பர் ஊரில் பிறந்தவர். இருவரும் ஒரே ஆசிரியர் சங்கத்தில் இருந்தவர்கள். பன்னிரண்டு ஆண்டுக் கடிதங்கள். கடைசிக் கடிதத்தின் பின்பக்கத்தில் தோழரின் கையெழுத்தில், 'பதில் எழுத வேண்டும்' என்று மட்டும் இருந்தது. அந்தப் பதில் எழுதப்படவில்லை.

அந்தக் கட்டைப் படித்து முடித்த அன்று எங்களுக்கு நினைவுக்கு வந்தவை வேறு சில கடிதங்கள். பாபாசாகேப் அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' நூலை நம்மில் பலர் பலமுறை படித்திருக்கிறோம். அதன் முகப்பில் இருக்கும் கடிதங்களை மட்டும் அவசரமாகப் புரட்டிவிட்டு உரைக்குப் போய்விடுவோம். சாதியை ஒழிக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டவர்களின் நட்பு எந்த இடத்தில் விரிசல் கண்டது, ஏன் கண்டது என்பதற்கு நம் வரலாற்றில் அவற்றைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது. இன்றைய உரை அந்தக் கடிதங்களைப் பற்றியது. முடிவில் தகரப் பெட்டிக்குத் திரும்புவோம்.

1. லாகூரிலிருந்து ஓர் அழைப்பு

1935 அக்டோபர் 13. நாசிக் மாவட்டம் யேவலாவில் நடந்த மாநாட்டில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். அந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. லாகூரிலும் அது தெரியும்.

லாகூரில் 'ஜாத்-பாத்-தோடக் மண்டல்' என்ற அமைப்பு 1922 முதல் இயங்கிவந்தது. சாதியை உடைக்கும் மன்றம் என்று தமிழில் சொல்லலாம். ஆரிய சமாஜப் பின்னணி கொண்டவர்கள் தொடங்கியது. சமபந்தி உணவோடு நின்றுவிடாமல், சாதி கடந்த திருமணத்தைத் தன் வேலைத்திட்டமாக அது வைத்திருந்தது. அந்தக் காலச் சீர்திருத்த அமைப்புகளில் அப்படித் துணிந்தவை மிகக் குறைவு. அதற்காக அம்பேத்கரே பின்னர் அவர்களைப் பாராட்டினார்.

மண்டலின் செயலாளர் சந்த் ராம். தன் பட்டத்தையும் சேர்த்து 'சந்த் ராம் பி.ஏ.' என்றே அறியப்பட்டவர். 1887இல் ஹோஷியார்பூர் பகுதியில், குயவர் சமூகத்தில் பிறந்தவர். இந்த ஒரு செய்தியை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். மண்டலைச் 'சாதி இந்துக்களின் அமைப்பு' என்று அம்பேத்கர் குறிப்பிடுகிறார். அமைப்பைப் பொறுத்தவரை அது உண்மை. அதன் செயலாளரோ, தீண்டாமைக் கோட்டுக்கு வெளியே தள்ளப்படாவிட்டாலும் சாதிப் படிக்கட்டின் கீழ்ப்படிகளில் நிறுத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். சாதி இழிவு எப்படியிருக்கும் என்று அவருக்கு ஓரளவு தெரியும். முழுவதும் தெரியாது. இன்றைய நம் அரசியலில் பிற்படுத்தப்பட்டோருக்கும் தலித்துகளுக்கும் இடையிலான உறவைப் பற்றி யோசிக்கும் எவரும் இவரைக் கடந்து போக முடியாது.

1935 டிசம்பர் 12 அன்று தனக்குக் கிடைத்த சந்த் ராமின் கடிதத்திலிருந்துதான் அம்பேத்கர் கதையைத் தொடங்குகிறார். டிசம்பர் 5ஆம் தேதி அம்பேத்கர் எழுதிய கடிதத்துக்கு அது பதில். முதல் வரியிலேயே ஒரு மன்னிப்பு வருகிறது. உங்களைக் கேட்காமலே உங்கள் கடிதத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டேன், அதில் கெடுதல் எதுவும் தெரியவில்லை, மன்னியுங்கள் என்கிறார். சாதிச் சிக்கலை உங்களைப்போல் ஆழமாகப் படித்தவர் யாருமில்லை, உங்கள் கருத்துகளை எங்கள் 'கிராந்தி' இதழில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன் என்கிறார்.

அதன்பிறகு வருவதுதான் முக்கியம். சாதி எந்த மதக் கருத்துகளின் மேல் நிற்கிறதோ அவற்றை அழிக்காமல் சாதியை உடைக்க முடியாது என்று அம்பேத்கர் எழுதியிருந்தார். சந்த் ராம் அதைக் குறிப்பிட்டு, இது எனக்கு முழுமையாக விளங்கவில்லை, விரித்து எழுதுங்கள், நாங்கள் அதை ஏட்டிலும் மேடையிலும் பரப்புவோம் என்று கேட்கிறார். கூடவே மண்டலின் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க வேண்டும், உங்கள் வசதிக்காகத் தேதியைக்கூட மாற்றிக்கொள்கிறோம் என்கிறார்.

இதை நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம். யேவலா அறிவிப்பு வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. அம்பேத்கர் எங்கே நிற்கிறார் என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அழைக்கிறார்கள். செயலாளர் தனக்கு விளங்காததை விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். நேர்மையான கேள்வி. ஒரு மாணவர் கேட்பதைப் போன்ற கேள்வி. பின்னர் விரிந்த அந்த மாபெரும் உரை இந்த ஒரு கேள்விக்கு எழுதப்பட்ட பதில். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நாம் சந்த் ராமுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

2. அச்சுக்கூலியும் அதற்குப் பின்னால் இருந்ததும்

அம்பேத்கர் முதலில் மறுத்தார். சாதி இந்துக்கள் நடத்தும் இயக்கங்களில் பங்கெடுப்பதில்லை என்பது அவருடைய பொதுவான நிலைப்பாடு. மண்டல் விடவில்லை. பம்பாய்க்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். கடைசியில் இசைந்தார். 1936 ஈஸ்டர் விடுமுறையில் மாநாடு என்று முடிவாயிற்று.

முதல் உரசல் மிகச் சாதாரணமான ஒன்றில் தொடங்கியது. உரையை எங்கே அச்சடிப்பது? லாகூரில் அச்சடித்தால் செலவு குறையும் என்றது மண்டல். பம்பாயில்தான் அச்சடிப்பேன் என்றார் அம்பேத்கர்.

இதைத் தொடர்ந்து மண்டலைச் சேர்ந்த ஒருவர் எழுதிய கடிதத்தில் தொனி மாறுகிறது. பஞ்சாபில் ஏறத்தாழ எல்லா இந்துக்களும் நீங்கள் வருவதை எதிர்க்கிறார்கள் என்கிறார். பாய் பர்மானந்த், மகாத்மா ஹன்ஸ் ராஜ், கோகுல் சந்த் நாரங், ராஜா நரேந்திர நாத் போன்ற தலைவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்கிறார். நாலாபுறமும் வசை வாங்கிக்கொண்டும் சந்த் ராமும் மற்றவர்களும் உங்களை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார்கள் என்கிறார். ஆகவே எங்களோடு ஒத்துழைப்பது உங்கள் கடமை என்று முடிக்கிறார்.

அந்தக் கடைசி வாதத்தை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்! உங்களுக்காக நாங்கள் எங்கள் ஆட்களிடம் கெட்ட பெயர் வாங்குகிறோம், நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா? அதில் பொய் இல்லை. கெட்ட பெயர் வாங்கியதும் உண்மை, மன வருத்தமும் உண்மை. ஆனால் அந்த வருத்தம் எதிர்த்தரப்பைப் பார்த்துப் பேசாமல் நம்மைப் பார்த்துப் பேசுகிறது. சாதியைக் காப்பவர்கள் கொடுக்கும் நெருக்கடியின் சுமையைச் சாதியால் நசுங்கியவர்மேல் இறக்கிவைக்கிறது.

அம்பேத்கர் இந்தக் கடிதத்தைப் பார்த்து வியந்ததாக எழுதுகிறார். சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகத் தன்னை ஏன் வருத்த வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. மேலும், ஒதுங்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட கோகுல் சந்த் நாரங் அதற்கு முந்தைய பிப்ரவரியில்தான், லாகூர் வரும்போது என் வீட்டில் தங்குங்கள் என்று அன்போடு எழுதியிருந்தார். விருந்துக்கு அழைத்தவர் அரங்கிலிருந்து விலகிப்போகிறார். சாதியச் சமூகத்தில் தனிமனித அன்பும் பொது நிலைப்பாடும் எத்தனை எளிதாகத் தனித்தனி அறைகளில் குடியிருக்கின்றன என்பதற்கு இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

3. ஏப்ரல் 14 முதல் 22 வரை

ஏப்ரல் 9ஆம் தேதி மண்டலின் சார்பில் ஹர் பகவான் பம்பாய் வந்தார். அச்சிடும் இடத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. உரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே அவர் நோக்கம் என்பது அம்பேத்கருக்கு விளங்கிவிட்டது. எழுதி முடித்த பகுதியைக் கொடுத்தார். படித்த ஹர் பகவானுக்குச் சில இடங்கள் உவப்பாக இல்லை. இதில் ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று அம்பேத்கர் நேரிலேயே சொல்லிவிட்டார்.

லாகூர் திரும்பிய ஹர் பகவான் ஏப்ரல் 14 அன்று எழுதிய கடிதம் மனிதத்தன்மை நிறைந்தது. ஐந்தாறு இரவுகள் ரயிலிலேயே கழிந்ததால் தூக்கமில்லாமல் உடல்நிலை சரியில்லை என்கிறார். உரையை மொழிபெயர்க்கச் சொல்லிச் சந்த் ராமிடம் கொடுத்திருப்பதாகவும் அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனதாகவும் சொல்கிறார். இது இந்துக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் என்கிறார். ஆயிரம் படிகள் கேட்டு நூறு ரூபாய்க்குக் காசோலையும் இணைக்கிறார். நடுவில் மெல்ல ஒரு வேண்டுகோள் வருகிறது. 'வேதம்' என்ற சொல்லையாவது இப்போதைக்கு விட்டுவிட்டால் நல்லது. கருத்துகள் உங்களுடையவை, மண்டல் பொறுப்பல்ல என்று முடிவில் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு சொல். இப்போதைக்கு.

எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று அடுத்த கடிதம். அதற்குள் உரையின் மீதிப் பகுதி லாகூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு சொல் இப்போது பல பக்கங்களாகிவிட்டது. உரை நீளமாக இருக்கிறது, மிகச் சிலரே முழுதாகப் படிப்பார்கள் என்பது முதல் குறை. வேதங்களின், சாத்திரங்களின் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்பது பேசவந்த பொருளுக்குத் தொடர்பில்லாதது என்பது இரண்டாவது. இந்துவாக இதுவே என் கடைசி உரை என்று சொல்வது தேவையில்லை என்பது மூன்றாவது. கடைசிப் பகுதியை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாநாட்டைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்கிறார். அதே மூச்சில், சாதியைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் இதுவே தலைசிறந்தது, எங்கள் நெஞ்சில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு என்றும் எழுதுகிறார்.

இதை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஹர் பகவான் மெய்யாகவே அந்த உரையை மதித்திருக்க வேண்டும். அவர் கேட்டது, அந்த உரை தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அதற்கு ஓரடி முன்னால் அது நின்றுகொள்ள வேண்டும் என்பதுதான். சாதியை எதிர்க்கலாம். பார்ப்பனியத்தைப் பற்றிக்கூட இரண்டு பத்தி சேர்த்துக்கொள்ளலாம், அவரே அதற்கு இடம் தருகிறார். ஆனால் சாதிக்கு அனுமதி கொடுக்கும் நூலின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்த வீட்டை விட்டு வெளியே போகிறேன் என்று சொல்லக் கூடாது.

நாங்கள் சமூகவியல் வகுப்பில் படித்தது ஒன்று உண்டு. சீர்திருத்தவாதி தனிமனிதராகப் பேசினாலும் உறவு வலைக்குள்தான் வாழ்கிறார். பெண் கொடுக்க, பெண் எடுக்க, சாவுக்குத் தோள் கொடுக்க அவருக்கு ஒரு கூட்டம் வேண்டும். அம்பேத்கர் கடந்துவரச் சொன்னது அந்தக் கூட்டத்தை. லாகூர்க்காரர்களுக்குக் கருத்தளவில் அதைக் கடக்க முடிந்தது. சுற்றத்தையும் மதக் கருத்துகளையும் துறந்தேனும் சாதியை ஒழிக்க இந்துக்கள் முன்வந்தால் நான் தலைமை ஏற்பேன் என்று நீங்கள் சொல்லுங்கள் என ஹர் பகவானே அந்தக் கடிதத்தில் யோசனை சொல்கிறார். துறக்க வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் துறக்கும் நாளைத்தான் தள்ளிப்போட்டார்.

4. ஏப்ரல் 27

அம்பேத்கரின் பதில் ஐந்து நாளில் வந்தது. அதில் கோபம் இருக்கிறது, வசை இல்லை.

தள்ளிவைப்பு என்ற மழுப்பலான சொல்லே வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள் என்கிறார். தலைமை தாங்கும் பெருமைக்காக, தலைவருக்குரிய சுதந்திரத்தை விட்டுத்தர முடியாது என்கிறார். இந்தக் கருத்து உங்களுக்கு எப்படி அதிர்ச்சியாகும் என்று கேட்கிறார். சந்த் ராம் கேட்டார், அவர் கேட்டதால்தான் ஒரு வரியில் சொன்னதை உரையில் விரித்தேன், சந்த் ராமே இதற்குச் சாட்சி என்கிறார். நண்பரையே சாட்சிக்கு அழைக்கும் இடம் இது.

அவர் மண்டலுக்குக் கொடுத்திருந்த வழிகளையும் நினைவூட்டுகிறார். கருத்துகளுக்கு முழுப் பொறுப்பு என்னுடையது. மாநாடு விரும்பினால் என் உரையைக் கண்டித்துத் தீர்மானம் போடலாம், எனக்கு வருத்தமில்லை. இதைத் தொடக்க உரையாக வைத்துக்கொண்டு வேறொருவரைத் தலைவராக்கி மாநாட்டை நடத்தலாம். முரண்பட்ட நண்பர்கள் ஒரே அரங்கில் இருப்பதற்கு இதைவிட அகலமான வாசலை யார் திறந்துவைக்க முடியும்? நான் சொல்வதை நீங்கள் ஏற்க வேண்டும் என்று அவர் கேட்கவேயில்லை. நான் சொல்வதைச் சொல்லவிடுங்கள், பிறகு மறுத்துக்கொள்ளுங்கள் என்றார். மண்டலுக்கு அந்த வாசல் போதவில்லை. மறுப்பதைவிடக் கேட்காமல் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்கிறார். ஏப்ரல் 14க்கும் 22க்கும் இடையில் இந்தத் தலைகீழ் மாற்றம் ஏன்? அந்த நாட்களில் அமிர்தசரஸில் நடந்த சீக்கியப் பிரச்சார மாநாட்டில் தான் கலந்துகொண்டதே உண்மையான காரணம் என்று அவர் கருதினார். உரையிலிருந்த சொற்களைக் காட்டிலும், அந்தச் சொற்களை அவர் நடத்திக்காட்டிவிடுவார் என்பதுதான் அவர்களை உலுக்கியிருக்கிறது.

முடிவில், இனி என் உரையை முழுதாக ஏற்றுக்கொண்டாலும் தலைமை தாங்க மாட்டேன் என்கிறார். உடல்நிலை இடம்கொடுக்காத நேரத்தில் இத்தனை உழைப்பை வாங்கிவிட்டீர்களே என்பது மட்டுமே அவருடைய சொந்த வருத்தம்.

1936 மே 15 அன்று, மாநாடு நடந்திருக்க வேண்டிய அதே மே நடுவில், அம்பேத்கர் தன் சொந்தச் செலவில் உரையை நூலாக வெளியிட்டார். கடிதங்களையும் முகப்பில் சேர்த்தார். 1500 படிகள். விலை எட்டணா. இரண்டு மாதத்தில் தீர்ந்துபோயின. மிகச் சிலரே முழுதாகப் படிப்பார்கள் என்று சொல்லப்பட்ட உரை அது.

5. சந்த் ராம் என்ன செய்தார்?

கதையை இங்கே நிறுத்திவிடுவது நம் வழக்கம். அழைத்தார்கள், பயந்தார்கள், கைவிட்டார்கள், புத்தகம் வந்தது. ஆனால் கேள்வி கேட்ட அந்த மனிதர் என்ன ஆனார்?

1936 ஜூலையில் காந்தி தன் 'ஹரிஜன்' இதழில் அம்பேத்கரின் உரைக்குப் பதில் எழுதினார். உரையைத் தடுத்ததற்காக வரவேற்புக் குழுவைக் குறை சொன்னார். எட்டணா அதிகம், இரண்டணாவோ நாலணாவோ வைத்திருக்கலாம் என்றார். சாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை, வருணம் வேறு சாதி வேறு என்று வாதிட்டார்.

அதற்கு மறுப்பு எழுதியவர்களில் சந்த் ராமும் ஒருவர். அவருடைய கடிதம் காந்தியின் பதிலோடு ஆகஸ்ட் 15 இதழில் வந்தது. அந்தக் கடிதத்தில் மண்டல் செய்ததற்குச் சமாதானம் சொல்கிறார். இந்து சமூகத்தின் நோயை எங்களைப் போலவே கண்டறிந்தவர் என்பதால்தான் அம்பேத்கரை அழைத்தோம், தாழ்த்தப்பட்டவர் என்பதற்காக அழைக்கவில்லை என்கிறார். மதத்தை விட்டு விலகுவதைப் பற்றிய பகுதிதான் எங்களுக்கு இடைஞ்சலாக இருந்தது என்கிறார். அதோடு நிற்கவில்லை. வருணத்துக்கும் சாதிக்கும் நீங்கள் காட்டும் வேறுபாடு சாதாரண மக்களுக்குப் பிடிபடாத நுணுக்கம், நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான், இரண்டும் செய்யும் வேலை கலப்புத் திருமணத்தையும் சேர்ந்துண்பதையும் தடுப்பதுதான் என்று காந்திக்கு எழுதுகிறார். சாத்திரங்களைக் கொண்டு சாதியை ஒழிக்கப் பார்ப்பது சேற்றைச் சேற்றால் கழுவுவது போன்றது என்கிறார்.

டிசம்பரில், எனக்கு விளங்கவில்லை என்று எழுதியவர் ஆகஸ்டில் இதை எழுதுகிறார். அவருக்கு விளங்கிவிட்டது. பம்பாயிலிருந்து வந்த நீண்ட பதில் அதைக் கேட்டவரிடம் சேர்ந்துவிட்டது. மாநாடு நடக்கவில்லை, மேடை கிடைக்கவில்லை. கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது.

காந்தி அவருக்குச் சொன்ன பதிலும் கவனிக்கத்தக்கது. குர்ஆனை மறுத்தவர் எப்படி முஸ்லிமாக இருக்க முடியும், பைபிளை மறுத்தவர் எப்படிக் கிறிஸ்தவராக இருக்க முடியும் என்று கேட்டார். சாத்திரத்தை மறுத்துவிட்டு இந்துவாக இருப்பது எப்படி என்பதே அதன் பொருள். மண்டல் வெட்டச் சொன்ன பகுதியின் சாரமும் அதுதானே! சாத்திரத்தின் அதிகாரத்தை மறுக்கிறேன், ஆகவே போகிறேன் என்றார் அம்பேத்கர். எதிரெதிர்த் திசைகளில் நின்ற இரண்டு பேரும் ஒரே கதவைக் காட்டினார்கள். நடுவில் நின்ற சந்த் ராம் அந்தக் கதவு வழியே போகவில்லை. ஆனால் சாதி எதிர்ப்பையும் விடவில்லை. பிரிவினையில் லாகூர் எல்லைக்கு அப்பால் போன பிறகும் எழுதினார். நூறு வயதைக் கடந்து 1988 வரை வாழ்ந்தார்.

அவரைத் துரோகி என்று எழுதிவிட எங்களால் முடியவில்லை. நம் தோழர் என்று உரிமை கொண்டாடவும் முடியவில்லை. வரலாற்றில் இப்படிப்பட்டவர்களே மிகுதி. அவர்களுக்கு ஒரு பெயர் வைக்காமல் நாம் அவசரமாகக் கடந்துபோகிறோம்.

6. தமிழுக்கு வந்த உரை

லாகூர் கேட்க மறுத்த உரையைத் தமிழ் கேட்டது. 1937இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்று அம்பேத்கர் குறிப்பிடுகிறார். பெரியாரின் 'குடி அரசு' வட்டம் அதைத் தமிழில் கொண்டுவந்தது. முழுதாகச் சொல்லவிட்டால் ஒரு சொல் எவ்வளவு தூரம் பயணம் போகும் என்பதற்கு இது சான்று.

அதே 1936இல் நம் பக்கத்துக் கடிதங்களும் உண்டு. அம்பேத்கரின் மதமாற்ற முடிவு தொடர்பாக இந்து மகாசபையின் மூஞ்சே, எம்.சி. ராஜாவுக்கு எழுதினார். ராஜா மதமாற்றத்தில் அம்பேத்கரோடு உடன்படாதவர். பூனா ஒப்பந்தக் காலத்திலும் எதிர்ப்பக்கம் நின்றவர். மூஞ்சேயின் திட்டத்தையும் அவர் ஏற்கவில்லை. எங்களை ஒரு சமூகத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றும் எண்ணிக்கையாகப் பார்க்கிறீர்கள் என்று மறுத்தார், கடிதங்களையும் பொதுவில் வைத்தார். ராஜாவின் அரசியலோடு நமக்குப் பெரிய மாறுபாடுகள் உண்டு. இருந்தாலும் நம் முன்னோர்கள் தங்களுக்குள் முரண்பட்டபோதும் அதைத் தபால் உறைக்குள் பூட்டிவைக்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. நம் தலைவிதியைப் பற்றிய கடிதம் தனிக்கடிதமாக இருக்க முடியாது என்று அவர்கள் எண்ணினார்கள்.

7. தகரப் பெட்டி

இப்போது தோழரின் பெட்டிக்கு வருகிறோம்.

அந்த நண்பரின் கடிதங்கள் முதல் பத்தாண்டுகளுக்கு மிக இனிமையானவை. படித்த புத்தகங்கள், சங்கத் தேர்தல், பிள்ளைகளின் காய்ச்சல், இடமாறுதல், கைமாற்றாக வாங்கிய முன்னூறு ரூபாய். ஒரு பொங்கலுக்குத் தோழர் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போய், உள்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அதற்காக அந்த நண்பர் தன் தெருவில் பேச்சு வாங்கியிருக்கிறார்.

பிறகு ஒரு கிராமத்தில் பிணம் எடுத்துச் செல்லும் பாதை அடைக்கப்பட்டது. காலனி மக்கள் மனுக் கொடுத்தார்கள். அதற்கு ஊர்க்கூட்டம் போட்டு, அவர்களுக்கு வேலை கொடுப்பதில்லை, கடையில் பொருள் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். தோழரும் நண்பரும் உண்மையறியும் குழுவில் சேர்ந்து போனார்கள். அறிக்கையைத் தோழர் எழுதினார். அதில் ஒரு வரி இருந்தது: அந்த ஊர்க்கூட்டத்தில் ஆசிரியர் சங்க உறுப்பினர்களும் அமர்ந்திருந்தார்கள்.

அதை நீக்கச் சொல்லி வந்ததுதான் கடைசிக் கடிதம். மற்ற எல்லாம் இருக்கட்டும், அந்த ஒரு வரியை மட்டும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறார். கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் அவருடைய மைத்துனர். சங்கம் உடையும், என் வீட்டில் நிம்மதி போகும், உங்கள் அறிக்கைக்கும் இதனால் பலம் எதுவும் கூடப்போவதில்லை என்கிறார். என் மனசு உங்களுக்குத் தெரியும் என்று முடிக்கிறார்.

லாகூர்க் கடிதங்களைப் படித்திருந்ததால் எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அறுபது ஆண்டு கழித்து, வேறு மொழியில், ஓர் இன்லேண்டு தாளில் அதே வேண்டுகோள்.

அறிக்கை அந்த வரியோடுதான் வெளிவந்தது. கையெழுத்திட்டவர்கள் பட்டியலில் நண்பரின் பெயர் இல்லை. தோழர் பதில் எழுதவில்லை. நட்பு முடிந்தது என்றுதான் நாங்கள் எண்ணினோம். கட்டின் அடியில் வேறொன்று இருந்தது. மணியார்டர் துண்டுகள். தோழர் நடத்திய சிற்றிதழுக்கு ஆண்டுச் சந்தா. அறிக்கை வந்த ஆண்டிலிருந்து இதழ் நின்றுபோகும் வரை, ஓராண்டுகூட விடாமல் அந்த நண்பர் அனுப்பியிருக்கிறார். செய்திக்கென்று விட்ட இடத்தில் எதுவும் எழுதவில்லை. இரண்டே துண்டுகளில் மட்டும், 'இதழ் கிடைத்தது, படித்தேன்' என்று இருக்கிறது.

தோழர் அந்த வரியை விட்டுக்கொடுக்காதது சரி. அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், பாதையை அடைத்தவர்கள் யாரோ படிக்காத முரடர்கள் என்று எல்லோரும் நிம்மதியாக நம்பியிருப்பார்கள். மறுநாள் காலை நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதே அந்த அறிக்கையின் உயிர். ஆனால் பதில் எழுதாமல் விட்டதைப் பற்றி நாங்கள் நால்வரும் திண்ணையில் வெகுநேரம் வாதாடினோம். எழுத வேண்டும் என்று அவரே குறித்துவைத்திருக்கிறார். ஏன் எழுதவில்லை என்று கேட்க இப்போது அவர் இல்லை. ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லும் வேலையும் நம் தலையிலேயே விழ வேண்டுமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அம்பேத்கர் எழுதினார், அதனால்தான் நமக்கு அந்த நூல் கிடைத்தது என்றார் இன்னொருவர். அதுவும் நியாயமே.

கடைசியில் ஒன்று செய்தோம். மணியார்டர் துண்டிலிருந்த முகவரிக்கு இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழை அனுப்பினோம். போன வாரம் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. முழங்கால் வலி, பேருந்தில் அவ்வளவு தூரம் வர முடியாது என்றார். தோழர் எந்த மாதம் தவறினார், கடைசியில் யார் உடனிருந்தார்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, உரை அச்சாகி வந்தால் ஒரு படி அனுப்புங்கள் ஐயா, படிக்கிறேன் என்றார்.

அனுப்புகிறோம். அவர் நீக்கச் சொன்ன அந்த ஒரு வரி இதிலும் இருக்கிறது.